வெள்ளி விமானம்

சங்கரேஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சங்கரன்கோவிலில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் இருந்து படித்ததைவிட, சேட்டைக்குத் தண்டனையாக வாசலில் நின்று படித்தது அதிகம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பூராவும் நடப்பாள். "இவ காலுல சக்கரத்தக் கட்டிப் பெத்துட்டேன்" என்று அம்மா சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு நின்றுகொண்டே பார்க்கிற வேலை கிடைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விமானப் பணிப்பெண் வேலை. ஆனால் அப்பா இசக்கித்துரை விசைத்தறிக் கொட்டகையில் நின்றபடி ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். அவரை மசிய வைத்தது வாசுதேவநல்லூர் கோமதிசங்கர். அந்த வட்டாரத்தில் கேப்டனாகி விமானம் ஓட்டுகிறவன் அவன் ஒருத்தன்தான். பேருந்து நிலையத்தில் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு வாழ்த்துப் பலகை வைத்திருந்தார்கள். அவனுடைய அம்மா பேச்சித்தாயும் சண்முகத்தாயும் வருசா வருசம் ஆடித் தவசுத் திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றி நடக்கிற ஆடிச்சுற்றில் சேர்ந்து நடந்து சிநேகிதமானவர்கள். அந்தப் பழக்கத்தில் கோமதிசங்கர் வீட்டுக்கே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"சித்தப்பா, நான் ஓட்டுத வண்டியில தங்கச்சி வேல பாக்கப் போறா. வேற என்ன பயம் உங்களுக்கு?"

அந்த ஒரு பேச்சில் அப்பா வழிக்கு வந்தார். சங்கரேஸ்வரி அதை ஒரு நாளும் மறந்ததில்லை. வேலையில் அவனை சார் என்றும் ஊரில் அண்ணே என்றும் கூப்பிட்டாள். அவன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

விமானத்தில் அவளுடைய இடம் வால்பக்கம். கடைசிக் கழிப்பறையை ஒட்டி, பின்கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு மடிக்கிற சின்ன இருக்கை. முன்னால் இருக்கிற விமானிக்கு வண்டி தரை இறங்குவது கண்ணில் தெரியும். பின்னால் இருக்கிறவளுக்கு அது முதுகில் தெரியும். எத்தனையோ தரையிறக்கங்களை வாங்கிய முதுகு அது. மெத்தென்று இறங்கியதா, தட்டி இறங்கியதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

இந்த ஆடி மாதம், ஊருக்கு லீவில் கிளம்ப இருந்த அன்று, அந்த முதுகுக்கு ஒரு புது அனுபவம் கிடைத்தது.

சென்னையில் சாயங்கால மழை. ஓட்டியது கோமதிசங்கர்தான். சக்கரம் ஒருமுறை தரையைத் தொட்டது. தொட்ட வேகத்தில் வண்டி மறுபடி எழும்பியது. ஒரு மூச்சு நேரம் அந்தரத்தில் நின்றது. அதற்குப் பிறகு வந்ததைத் தரையிறக்கம் என்று சொல்ல முடியாது. விழுந்தது. பின்பக்க அடுக்களையின் சாப்பாட்டுப் பெட்டிகள் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. அவள் நடு முதுகில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. அதே நேரத்தில் காலடியில், தரைக்கும் கீழே, மடக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

பயணிகள் சிலர் கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டுகிறோம் என்று தெரியாமல் கை தட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. எல்லாரும் இறங்கிப் போன பிறகு, சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றுவதற்காகப் பின்கதவைத் திறந்தாள். திறந்துகொண்டது. திரும்ப மூடும்போது கைப்பிடி கடைசி ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டது. தினமும் அவள் கையால் திறந்து மூடுகிற வகைக் கதவு. அதன் கனமும் அசைவும் அவளுக்கு வீட்டு அலமாரிக் கதவு போல. அன்றைக்கு அது எதிலோ உரசியது.

கோமதிசங்கரைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். மூடிக்கொண்டது.

"மழைட்டி. ரப்பர் ஊறிப்போய் நிக்கும்" என்றான்.

"இல்ல சார். வண்டி விழுந்துட்டு. கீழ ஒரு சத்தமும் கேட்டுச்சு."

"நான் கருவியப் பாத்துட்டேன். அடி எல்லைக்குள்ளதான் இருக்கு."

"எழுதிருவீங்கள்லா?"

"நான் பாத்துக்கிடுதேன். நீ ரயில விட்டுராத." பிறகு மற்ற பணிப்பெண்களைப் பார்த்து, "யாருக்கும் அடி இல்லையே" என்று கேட்டான். பதில் வருவதற்குள் "இல்ல. நல்லது" என்று அவனே சொல்லிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான்.

எழுதுவது என்பது பெரிய காரியம். வண்டி கடினமாக இறங்கியது என்று விமானி பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால், பொறியாளர்கள் அதை ஓரம் கட்டித் தரைப்பலகையைக் கழற்றி, விளக்கடித்து, எலும்பு எலும்பாகப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். கருவி எல்லைக்குள் காட்டினாலும், கடினம் என்று விமானிக்குப் பட்டால் எழுத வேண்டும். ஏனென்றால் இறங்கும்போது விழுகிற அடியை அளக்கிற அந்தக் கருவி உட்கார்ந்திருப்பது வண்டியின் நடுவயிற்றில். வாலில் என்ன பட்டது என்று அதற்குத் தெரியாது. விமானி எழுதவில்லை என்றால் யாரும் எதையும் கழற்றப் போவதில்லை.

அவன் எழுதுவான் என்று நம்பித்தான் செங்கோட்டை ரயிலில் ஏறினாள். காலையில் ராஜபாளையம் தாண்டும்போது முதுகு நிமிர மாட்டேன் என்றது. அது போகட்டும் என்று போனை எடுத்தாள். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற செயலி ஒன்று அதில் இருந்தது. நேற்றைய வண்டியைத் தேடினாள். அவள் ரயிலில் ஏறும் முன்பே அது புனேவுக்குக் கிளம்பியிருந்தது. கழற்றிப் பார்க்க அந்த நேரம் எந்த ஊரிலும் போதாது. அவன் எழுதவில்லை.



அன்றிலிருந்து வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினாள். அடுக்களையிலிருந்து வாசல், வாசலிலிருந்து தறிக் கொட்டகை, கொட்டகையிலிருந்து மாடி. போன் கையை விட்டு இறங்கவில்லை. வண்டி நாக்பூர் போனது. கொச்சி போனது. கோவா போய்த் திரும்பியது. அது பறக்கும்போது அவளால் சோற்றை விழுங்க முடியவில்லை. தரையில் நின்றால் இரண்டு வாய் சாப்பிட்டாள். பயிற்சி வகுப்பில் கேட்டது நினைவில் இருந்து தொலைத்தது. மேலே போகும்போதெல்லாம் உள்ளே காற்று நிரம்பி விமானத்தின் உடம்பு சற்றே உப்பும், இறங்கும்போது தளரும். நல்ல உடம்புக்கு அது ஒன்றுமில்லை. எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால், கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான்.

"ஏட்டி, என்ன எழவு அந்தப் போனுல இருக்கு? யாரையாவது பிடிச்சிருந்தா சொல்லித் தொலை, அப்பாகிட்ட நான் பேசுதேன்" என்றாள் சண்முகத்தாய்.

"அம்மா, நீ வேற. சும்மா இரு."

"முதுகப் பிடிச்சுக்கிட்டுல்லா நடக்க?"

"ரயில்ல வந்தது" என்று பொய் சொன்னாள்.

ஆடித் தவசுக் கொடியேற்றத்துக்கு மறுநாள், கடையநல்லூர்க்காரி அப்ரீன் பானுவிடமிருந்து குரல் செய்தி வந்தது. சங்கரேஸ்வரியின் லீவுக்குப் பதிலாக அந்த வண்டியின் வால்பக்க இருக்கைக்கு வந்தவள் அவள்தான். பல விஷயங்களைச் சிரித்துப் பேசிவிட்டுக் கடைசியில் சாதாரணமாகச் சொன்னாள். "பின்கதவு ரொம்ப மக்கர் பண்ணுதுடி. ரெண்டு பேரு சேந்து தள்ளுனாத்தான் மூடுது."

அன்றைக்குத் தோளால் தள்ள ஒருவன் போதும். இன்றைக்கு இரண்டு பேர் வேண்டும். சங்கரேஸ்வரி மாடிக்கு ஏறிப்போய்க் கோமதிசங்கரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தப் பின்கதவு இப்ப இன்னும் மோசமாயிட்டாம். அப்ரீன் சொல்லுதா."

"பராமரிப்புல சொல்லி எண்ண போடச் சொல்லுதேன்."

"எண்ண போடுத காரியமில்ல சார். எனக்கு அன்னைக்கு முதுகுல..."

"ரயில்ல வந்தேல்லா, அதான்" என்று அவன் குறுக்கே விழுந்து சொன்னான். பணியில் ஒருத்திக்கு அடிபட்டது என்றால் அதையும் அறிவிக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்பே அவன் தடுத்துவிட்டான். பிறகு குரல் இறங்கியது. "ஏட்டி, அடுத்த வாரம் எனக்குப் பயிற்சி குடுக்குத கேப்டன் ஆவுததுக்குத் தேர்வு. இப்பப் போயி இந்த மாதிரி ஒண்ணக் கிளப்புனா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும். கருவி எல்லைக்குள்ள காட்டியிருக்கு. நானும் அதுலதான் இருந்தேன். எனக்கு உசுரு வெல்லமில்லையா?"

அவள் சரி சார் என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவளே ஒரு அறிக்கை அனுப்பலாம். பாதுகாப்புப் பிரிவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஏற்றிவிட்டவனின் காலை வாரினாள் என்று சங்கரன்கோவிலிலும் வாசுதேவநல்லூரிலும் பேசுவார்கள். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? ஒருவேளை அவன் சொல்வதே சரியாக இருந்து, ரப்பர்தான் ஊறியிருந்தால்? இப்படியும் அப்படியும் நினைத்து, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தாள். கிறுக்குப் பிடிக்காதது ஒன்றுதான் குறை.

மறுநாள் சண்முகத்தாய் அவளை ஆடிச்சுற்றுக்கு இழுத்துப் போனாள். "நடக்கத்தான செய்யுத, கோயிலச் சுத்தியாவது நட" என்றாள். அதில் நியாயம் இருந்தது. கோயிலைச் சுற்றி ஊரே நடந்துகொண்டிருந்தது. பருத்திக்காட்டு ஆட்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், காலில் கட்டுப் போட்ட பெரியவர்கள். அந்தக் கூட்டத்தில் முதல் சுற்றிலேயே பேச்சித்தாய் சேர்ந்துகொண்டாள். கரிவலம்வந்தநல்லூரில் தங்கச்சி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து நடக்கிறாளாம். சங்கரேஸ்வரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சண்முகத்தாய் முழங்கால் வலிக்கிறது என்று நின்றுவிட, இவர்கள் இருவருமாக நடந்தார்கள்.

"உனக்கு ஒண்ணு காட்டுதேன்" என்று பேச்சித்தாய் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளி விமானம். கோயில் வாசல் கடைகளில் பாம்பு, தேள், கண், கை, கால் எல்லாம் தகட்டில் கிடைக்கும். வேண்டிக்கொண்டவர்கள் வாங்கி அம்மனுக்குப் போடுவார்கள். விமானத்தை யார் விற்பது? ஆசாரியிடம் மகனின் போட்டோவைக் காட்டிச் செய்யச் சொன்னாளாம். இறக்கை, சக்கரம், வால் எல்லாம் இருந்தது. வரிசையாக ஜன்னல்கூட வைத்திருந்தான்.

"அவன் வண்டியில ஏறுதவுக எல்லாம் பத்திரமா இறங்கணும்னு வேண்டிக்கிட்டேன். அதுக்குத்தான்."

"நல்லாருக்கு பெரியம்மா. எப்பப் போடப் போறீங்க?"

"இதப் போடக்கூடாது மக்கா. பஸ்ஸ விட்டு இறங்கையில மடியிலருந்து நழுவிக் கீழ விழுந்துட்டு. சுத்து முடிச்சதும் ஆசாரிட்டதான் போவணும்."

சங்கரேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "ஒண்ணுமே ஆவலியே பெரியம்மா. புதுசு மாதிரியே இருக்கு."

"ஆசாரி போனுல அதத்தான் சொல்லுதான். யாருக்கும் தெரியாது, அப்படியே போடுங்கங்கான். விழுந்தது விழுந்ததுதானட்டி? உருக்கித் திரும்பத்தான் செய்யணும். யாரும் பாக்கலன்னு போட்டுட்டா சரியாப் போச்சா? நான் பாத்தேன்லா?"

சங்கரேஸ்வரியின் கால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் நடந்து வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் விமானத்தைப் பேச்சித்தாயின் கையில் வைத்தாள். "இந்தா வந்துருதேன் பெரியம்மா" என்று சுற்றிலிருந்து விலகி, பூக்கடை ஓரமாக ஒதுங்கினாள். முதலில் கோமதிசங்கரைத்தான் கூப்பிட்டாள்.

"சார், அன்னைக்கு வண்டி விழுந்துச்சு. நீங்க எழுதுங்க. பொழுது அடையிறதுக்குள்ள நீங்க எழுதலன்னா நான் எழுதிருவேன்."

"யாருகிட்டப் பேசுதோம்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும் சார். தெரிஞ்சதுனாலதான் முதல்ல உங்ககிட்டச் சொல்லுதேன்."

"உங்கப்பா முன்னால வந்து உக்காந்து பேசி உன்னக் கூட்டிட்டுப் போனவன் நான்."

"அதுவும் தெரியும்." திரும்பிப் பேச்சித்தாயைப் பார்த்தாள். "பெரியம்மா இங்கனதான் நிக்காவ. அவங்ககிட்டக் குடுக்கட்டுமா? பேசுதீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பொழுது அடையும்வரை காத்திருந்தாள். அதுவரை எத்தனை சுற்று நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வண்டி மங்களூருக்குக் கிளம்பியது. அப்படியானால் எழுதவில்லை. கோயில் வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள், உட்கார்ந்தே பழகாதவள் சனத்துக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து, மழை, எழும்பியது, விழுந்தது, காலடிச் சத்தம், கதவு, எல்லாவற்றையும் போனில் எழுதினாள். தன் பெயரைப் போட்டாள். முதுகைப் பற்றி எழுத விரல் போகவில்லை. நமக்கு நல்லது செய்தவனிடம் பட்ட அடியைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவர்கள் பக்கத்தில் கிடையாது. அது சரியா தப்பா என்று யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அதை விட்டுவிட்டு அனுப்பினாள்.

மங்களூரில் இறங்கிய வண்டி அதற்குப் பிறகு நகரவில்லை. செயலியில் அந்தச் சின்ன விமானப் படம் ஒரே இடத்தில் நின்றது. மறுநாளும் நின்றது. அப்ரீன் பானு கூப்பிட்டு மூச்சு விடாமல் சொன்னாள். பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். பின்கதவுக்குக் கீழே தரையைக் கழற்றினார்களாம். கதவைத் தாங்குகிற உலோக வளையங்களில் இரண்டு விரிசல் விட்டு, வெளித்தகடு சுருக்கம் விழுந்து கிடந்ததாம். "நான் அதுக்கு மேலதான்டி உக்காந்திருந்தேன். அல்லா காப்பாத்துனான்" என்று அழுதாள். எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. சங்கரேஸ்வரி சொல்லவும் இல்லை. கோமதிசங்கரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அப்ரீன்தான் சொன்னாள்.

நிம்மதி வரும் என்று பார்த்தால் அது வரவில்லை. விமானம் நின்றது, இவள் நிற்கவில்லை. அவன் கூப்பிடுவான், திட்டுவான், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனைப் பார்த்தபடியே நடந்தாள். அவன் கூப்பிடவே இல்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தறியை நிறுத்தினார். "அந்தப் பையன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பத் தறியை ஓட்டினார். அது அவளுக்கு முதுகு வலியைவிட அதிகமாக வலித்தது.

ஆடித் தவசுத் திருவிழா நாள் வந்தது. தெற்கு ரத வீதியில் எள் போட்டால் கீழே விழாது. சப்பரத்தின்மேல் விவசாயிகள் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் வாரி இறைத்தார்கள். சண்முகத்தாயைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கரேஸ்வரி கூட்டத்தில் நெருக்கி நடந்தாள். எதிரே பேச்சித்தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால், நாலு நாள் தாடியோடு, வேட்டி சட்டையில் கோமதிசங்கர்.

திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தாள். இடம் இல்லை.

"ஏட்டி, பாத்தியா! என் மவன் தவசுக்கு வந்துருக்கான்" என்று பேச்சித்தாய் பூரித்துப் போய்ச் சொன்னாள். "வருசக்கணக்கா லீவு இல்ல லீவு இல்லம்பான். என்னமோ விசாரணையாம், வீட்டுல இருக்கச் சொல்லிட்டாவளாம். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்." மஞ்சள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். புதிதாக உருக்கிச் செய்த விமானம். "ஆசாரி நேத்துதான் குடுத்தான். போடப் போறோம். நீயும் வா. எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாவல்லா, அது போதும் எனக்கு."

கோமதிசங்கர் அந்த வெள்ளி விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சங்கரேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வைதால் எல்லார் முன்னாலும் வாங்கிக்கொள்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் கிட்டே வந்தான். கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தான்.

"முதுகு எப்படி இருக்கு தங்கச்சி?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்கு அண்ணே" என்றாள்.